அம்மாவின் செவ்வந்தி

"இது என்ன செடி, சொல்லு?" என்று அறிவியல் சார் ஒருநாள் வகுப்பில் என்னை எழுப்பிக் கேட்டார். பழைய பேப்பரில் சுற்றி அவர் பிடித்திருந்தது பார்த்தீனியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. விஷக்களை, தொட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று அவரே சொல்லி உட்கார வைத்தார்.

பதினோரு நாள் மட்டும் இருந்த தம்பியை வீட்டுத் தோட்டத்தில்தான் புதைத்தோம். மழை விட்டதும் சரியாக அந்த இடத்தில் அதே செடி முளைத்தது. அம்மா அதைச் செவ்வந்தி என்றாள். அரிசி கழுவிய நீரை ஊற்றி, இலைகளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். முழங்கைவரை தடித்துச் சிவந்தபோது, "பிறாண்டுறான்டி. நகம்கூட வெட்டாம அனுப்பிட்டோம்ல" என்று சிரித்தாள். அவளைத் தனியே விட முடியாமல் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன்.

நேற்று சார் என்னைத் திரும்பக் கூட்டிப்போக வந்தார். அம்மா அவரை நேராகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க சார். இவ ஊமைக்கோட்டான், கேட்டா வாயே தொறக்க மாட்டா. செவ்வந்திதானே? எப்ப பூக்கும்?"

செடியின் நுனியில் வெள்ளை மொட்டுகள் விட்டிருந்தன. சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அம்மாவின் கைகள் அவர் கண்ணில் பட்டன. இவராவது சொல்லிவிடட்டும் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட வந்ததையும் மறந்தவர்போல, படலைத் திறந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார்.