இருபத்தேழுக்கு இருபத்தைந்து

"அறுபது பேரும் இருபத்தேழுக்கு இருபத்தஞ்சு. அதுலயும் எல்லாருக்கும் ஒரே கேள்வியிலதான் ரெண்டு மார்க்கு போயிருக்கு. எந்த ஊர்லப்பா நடக்கும் இது?"

பிரின்சிபால் தாள்கட்டை மேசையில் போட்டார். மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் அதை எட்டிப் பார்த்தார்கள்.

"காப்பி அடிக்கிறவன் ஒண்ணு ரெண்டையாவது மாத்திப் போட மாட்டானா? நாளைக்கு நோயாளிக்கும் பக்கத்து டாக்டரைப் பாத்துத்தான் மருந்து எழுதுவீங்களா?"

கடைசி பெஞ்சில் யாரோ ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

வகுப்பு லீடர் மெதுவாக எழுந்தான். "சார், அன்னிக்கு பத்து மணிக்கு பதாலஜி டெஸ்ட். அஞ்சு நிமிஷத்துல இதையும் முடிச்சுக் குடுக்கச் சொன்னாங்க. முதல் பெஞ்சுலேர்ந்து ஒரு தாள் வந்துச்சு. அதைப் பாத்து அப்படியே டிக் அடிச்சுட்டோம்."

"டேய், இது பரீட்சையாடா? உங்க மனசு எப்படி இருக்குன்னு கேட்ட படிவம்டா. இதுல மார்க்கு ஏற ஏற நெலமை மோசம்னு அர்த்தம். மேலேர்ந்து போன் போட்டு, 'உங்க காலேஜ்ல ஒரு வகுப்பே சாகக் கெடக்குதா'ன்னு கேக்கறாங்க. என் மானம் கப்பலேறிடுச்சு."

வகுப்பே சிரித்தது. அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலிருந்து ஒரு தாளை உருவித் தூக்கிக் காட்டினார். அதில் மட்டும் டிக்குகள் அழித்து அழித்துப் போடப்பட்டிருந்தன. 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா' என்ற கடைசிக் கேள்வியருகே தாள் கிழிந்தே போயிருந்தது.

"இந்த மகராசனுக்குக் காப்பிகூட ஒழுங்கா அடிக்க வரல."

புதுப் படிவங்கள் பெஞ்சு பெஞ்சாகப் போயின.

"எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டுக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க. ஆனா அந்த முதல் தாள் யாரோடதுன்னு எனக்குத் தெரியணும். விளையாட்டுக்கு இப்படி எழுதின ஆளு இந்த வருஷப் பரீட்சைக்கு உக்கார முடியாது."

முதல் பெஞ்சில் இருந்தவளுக்கு வகுப்பு வைத்த பெயர் 'அகராதி'. எந்தச் சந்தேகத்துக்கும் அவளிடம் பதில் இருக்கும். அவள் விடையை இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை.

"எந்திரிக்காதடி. அவரா மறந்துடுவாரு," என்று பின்னாலிருந்து தோழி கிசுகிசுத்தாள்.

அவள் எழுந்து நின்றாள். கையிலிருந்த புதுப் படிவம் காலியாகவே இருந்தது.

பிரின்சிபாலுக்கு நம்பவே முடியவில்லை. "நீயாம்மா? காலேஜுக்கே முதல் மார்க்கு வாங்கறவ. உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? சரி, நீ யாரைப் பாத்து எழுதின?"

"யாரையும் பாக்கல சார். நான் கேள்வியைப் படிச்சேன்."