எழுந்து சிரித்தவள்

எவ்வளவு கனமாக இருக்கிறாய், உனக்குப் புண்ணியமாய்ப் போகும், இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கிட என்று சுகந்தி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பழைய மேடை நாடகம் ஒன்றை இந்தக் காலத்துக்கு மாற்றிப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாடகத்தின் ராணி இப்போது பஸ் கம்பெனி முதலாளியம்மா; அந்த வேடம் சுகந்திக்கு. அவள் மடியில் இறந்துகிடக்கும் மகளாக ரெஜினா நடித்தாள். கொரோனா தொற்றுக்காலத்தில் சுகந்தியின் சொந்த மகள் இறந்தபோது, உடலை உறையில் சுற்றி, தூரத்திலிருந்துதான் காட்டினார்கள். தொடவிடவில்லை.

"கட்" என்றதும், பிணமாக நடித்தவளை அப்படியே விடக்கூடாது என்ற வழக்கப்படி, ரெஜினாவை எழுப்பிக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள்.

"ஆன்ட்டி, கால் மரத்துப்போச்சா? காலையில பூரியை ஒரு கட்டு கட்டிட்டேன், அதான் வெயிட்டு" என்று அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சுகந்தி கண்கொட்டாமல் பார்த்தாள். கைகூப்பத் தோன்றியது.

இயக்குநர் ஓடிவந்தார். "அம்மா, பிரமாதம். ஃபோகஸ்தான் கொஞ்சம் போயிடுச்சு. மறுபடி படுக்க வெச்சு ஒண்ணு எடுத்துடலாம்."

சுகந்தி மடியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. அவ எழுந்துட்டா."