இளகிய இடது ஷூ

வெண்ணிலா ஆசைப்பட்டு வாங்கிய விலையுயர்ந்த ஷூ ஜோடியில் வலது கச்சிதமாகப் பொருந்தியது. இடது மட்டும் சுண்டுவிரலைக் கடித்தது. தோழியின் கல்யாண வரவேற்பில் அவள் நொண்டி நொண்டி நடக்க, இடது ஷூ தவித்துப்போனது.

"ஒரே தோல், ஒரே தையல். நான் மட்டும் ஏன் வலிக்க வைக்கிறேன்?"

"அவளுக்கு இடது பாதம் கொஞ்சம் பெரிசு. நீ சற்று இளகிக் கொடேன்" என்றது வலது ஷூ.

"இளகினா என் வடிவம் போயிடும். அப்புறம் உனக்கு ஜோடியா இருக்க முடியுமா?"

"உன்னை விட்டுட்டு நான் மட்டும் எங்கே போவேன்?"

இடது ஷூ விரலோரம் மெல்ல விரிந்துகொடுத்தது. பளபளத்த தோலில் ஒரு சுருக்கம் விழுந்தது.

பந்தியில் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "புது ஷூவா? கடிக்கலையா?"

வெண்ணிலா குனிந்து பார்த்தாள். "அட, போட்டிருக்கறதையே மறந்துட்டேன்!"

இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று இடது ஷூ ஏங்கியது.