ஏரியைக் கடந்த ட்ரோன்

நியூ டவுன் ஏரிக்கரையில் ஷாமியானா போட்டு, டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு சந்தேஷ் இனிப்பு கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தார் ரேடார் ஆய்வுக்கூட இயக்குநர் ஜெய்ராம். அவர்கள் தலையாட்டினால்தான் ஆய்வுக்கூடமே பிழைக்கும்.

“ரொம்ப சிம்பிள் சார். அந்தக் கரையிலிருந்து அலையை அனுப்பறோம், இந்தக் கரையில வாங்கறோம். நடுவுல எது குறுக்கே போனாலும் அதோட நிழல் விழுந்துடும். ஒளிஞ்சு பறக்கற விமானம்கூடத் தப்ப முடியாது. அந்தப் பக்கம் எங்க அபிநவ் ட்ரோனோட நிக்கறான். இப்பப் பாருங்க!”

திரையில் கோடு துள்ளியது.

“வந்துடுச்சு! வேகம், திசை எல்லாம் கச்சிதம்!”

“கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?” என்றார் மூத்த அதிகாரி.

“அதுதான் சார் பெருமையே. இந்தப் பனிமூட்டத்துல உங்க கண்ணுக்குத் தெரியாதது ரேடாருக்குத் தெரியுது!”

கைதட்டல் ஓயவே இல்லை. அனுமதி கொடுத்துவிடுவதாகக் கைகுலுக்கி, மிச்ச சந்தேஷையும் கட்டிக்கொண்டு அதிகாரிகள் காரேறினார்கள்.

உதவியாளர் ஹர்ஷினி செல்போனும் கையுமாக ஓடிவந்தாள்.

“சார், அபிநவ் லைன்ல இருக்கான். ட்ரோன் பெட்டியோட இன்னும் கரியாஹாட் டிராஃபிக்லயே மாட்டிட்டிருக்கானாம்!”

ஜெய்ராம் நிமிர்ந்து பார்த்தார். ஷாமியானா மூங்கிலின் உச்சியில் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்து, சாவகாசமாகச் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரிப்போர்ட்ல ஒரு வரி சேர்த்துக்கோம்மா. கிளம்பாத ட்ரோனைக்கூட நம்ம ரேடார் கண்டுபிடிச்சுடும்னு!”