ஒரு கட்டம் மண்

"இந்த ஒரு கட்டத்தை மட்டும் யாரு மண்ணாக்குனதுக்கா?"

பெனிட்டா திரையை அடுத்த நாற்காலியிலிருந்த மூத்தவள் பக்கம் திருப்பினாள்.

ஆறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் வரைபடம். அதைக் கட்டம் கட்டமாகத் திருத்தி, பருவநிலையைக் கணிக்கும் கணினி மாடலுக்கு அனுப்புவதுதான் இருவருக்கும் வேலை. நீலம் என்றால் நீர். பழுப்பு என்றால் மண்.

கரையை ஒட்டிய நீலத்தில் ஒரே ஒரு பழுப்பு.

"இது குறுக்க நிக்கிறதால நீரோட்டமே திரும்பிடுது. மழைக் கணக்கெல்லாம் கோணிப் போச்சு. கடலாக்கிடுங்கக்கா."

பெனிட்டா புதிதாக வந்தவள். எதுவும் தெரியாது.

மூத்தவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? அவளே செய்ததுதானே.

அந்தக் காலத்தில் இந்தியா எங்கோ தெற்கே, தனித் தீவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் கரையில் மணப்பாடு எங்கே இருந்திருக்கும் என்று தேடிப் பிடித்தாள். மகன் நவிலனை அலை இழுத்துக்கொண்டு போன இடம். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே அதைத் தூர்த்துவிட்டாள்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆறு கோடி வருஷத்துக்கு முன்னால் போய்க் கடலை மூடினால் போன பிள்ளை வந்துவிடுவானா? வரமாட்டான் என்று அவளுக்கு மட்டும் தெரியாதா? பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

தினமும் வந்ததும் அந்தப் பழுப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். அங்கே அவன் ஓடலாம். விழுந்தாலும் முட்டிதான் சிராய்க்கும்.

இப்போது அதில் தண்ணீரை விட வேண்டும். பெற்றவள் கையாலேயே.

வேலை என்று வந்தபிறகு என்ன சொல்லித் தப்பிப்பது?

கட்டத்தைத் தொட்டாள். பழுப்பு போயிற்று. ஆழம் எத்தனை மீட்டர் என்று திரை கேட்டது.

ஒன்று என்று அடித்தாள்.

ஏற்கவில்லை.

மறுபடி ஒன்று. மறுபடியும் சிவப்பு எழுத்து.

பெனிட்டா சிரித்துவிட்டாள். "ஒண்ணு எப்படிக்கா பத்தும்? இருபதாச்சும் குடுங்க. அதுக்குக் குறைஞ்சா மாடல் அதைக் கடல்னே ஒத்துக்காது."

மூத்தவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒண்ணு போதும்டி," என்றாள். "அன்னிக்கு அவனை இழுத்த தண்ணி எனக்கு இடுப்புக்குக்கூட வரல."