முதல் கார்னர்

ஒரு தேசத்தின் மானம் பதினோரு பேரின் காலில் இருக்கிறது என்பது லொத்ஃபியின் அசைக்க முடியாத கொள்கை. துனிஸ் மைதானத்தில் அந்த மானம் இப்போது ஐந்து கோல் வாங்கி நிற்கிறது. வெற்றி கேட்டு வந்தவர், சாயும் வெயிலில் எழுந்து நின்று, கோலடிக்க ஒரு கார்னர் கிக்காவது கிடைக்காதா என்று சிவப்புத் துண்டைக் கடிக்கிறார். "உக்காருய்யா, எதிர் டீம் நல்லா ஆடுறத மறைக்காத!" என்றபடி மனைவி சுவாத் சூரியகாந்தி விதை கொறிக்கிறாள். கார்னர் கிடைத்தே விடுகிறது. மேளம் அதிர்கிறது, பெண்கள் குலவையிடுகிறார்கள், விதைத்தோல் மழையாய்ப் பறக்கிறது. "பார்த்தியாடி! நம்ம பசங்கடி!" என்று லொத்ஃபி அவளைத் தூக்கிச் சுற்றுகிறார். "விடுய்யா, முதுகு பிடிச்சுக்கும்," என்று சிரித்தபடி அவளும் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். கார்னரில் அடித்த பந்து எதிரணியின் காலுக்குப் போய், மறுமுனைக்கு ஓடி, ஆறாவது கோலாகிறது. அதை அவர்கள் வரிசையில் ஒருவரும் பார்க்கவில்லை.