ஏழாம் வகுப்பின் இதயம்

புனே பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. அறிவியல் அறையின் மனித உடல் மாடலில் இதயத்தைக் காணவில்லை. தமிழ் தெரிந்த ஃபேபியோலா மிஸ் பதற்றத்தோடு கோதைக்கு போன் செய்தார்.

"நேத்து கடைசியா உங்க பொண்ணு அகல்யாதான் மாடலைத் துடைச்சா. கேட்டா அழறா. அந்த இதயம் வீட்ல இருக்கான்னு பாருங்க."

"அவ எடுக்கல மிஸ். நேத்து பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தப்போ நான்தான் எடுத்தேன்."

"நீங்களா? எதுக்கு?"

"டாக்டர் இந்தியில சொல்றதை அவதான் எனக்குத் தமிழ்ல சொல்லுவா. என் நெஞ்சுவலி வெறும் வாயுன்னு சொன்னா. ஆனா அன்னிலேர்ந்து துணி வாளியைக்கூடத் தூக்க விடல. அதான் இன்னைக்குக் காலையில தனியா போய், டாக்டர்கிட்ட இதை நீட்டி, எங்கன்னு சைகையில கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"மூணு இடத்துல விரல் வச்சாரு மிஸ். இதோ கொண்டாந்து தந்துடறேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."